மண் விட்ட மூச்சு

"அம்மா, மண்ணே மூச்சு விட ஆரம்பிச்ச பிறகு, மனுஷன் மூச்சை அடக்கி என்ன பிரயோஜனம்?"

பங்குனி மாதத்துக் காலையில் தணிகாசலம் இப்படிக் கேட்டார்.

மெய்யம்மை நிமிரவில்லை. தண்ணீர்க் குழாயில் விழுந்திருந்த ஓட்டையைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"புரியல சார். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் பிடித்தார்.

மலையுச்சியில், புல்வெளிக்கு நடுவே, தகரக் கூரை போட்ட நாலைந்து அறைகள். அதுதான் மெய்யம்மையின் ஆசிரமம். பெயர்ப்பலகை கிடையாது. அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். சீடரான தணிகாசலத்துக்கு அறுபதை நெருங்கும் வயது, நெஞ்சுவரை நரைத்த தாடி. புதிதாக வருகிறவர்கள் தாடியைப் பார்த்து அவர் காலில்தான் விழுவார்கள். அவர் பதறிப்போய் மெய்யம்மையைக் கைகாட்டுவார். ஒவ்வொரு முறையும் மெய்யம்மைக்குச் சிரிப்பு வரும்.

தணிகாசலம் விஞ்ஞானி. ஈர நிலங்களின் மண்ணிலிருந்து என்னென்ன வாயு வெளியேறுகிறது என்று அளப்பதிலேயே வாழ்நாள் போயிற்று. ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மலைக்கு வந்துவிட்டார்.

குழாயைக் கட்டி முடித்ததும் மெய்யம்மை கேட்டார்.

"இப்ப சொல்லுங்க."

"நாம காரை நிறுத்தலாம். ஆலையை மூடலாம். நம்ம கையில இருக்கறது அவ்வளவுதான். ஆனா நாம ஏத்தின சூட்டுல இப்ப காடு தானா விடுது, சதுப்பு தானா விடுது, வடக்கே பனி உருகுற நிலமெல்லாம் விடுது. அது விடற வாயுவால இன்னும் சூடு ஏறுது. சூடு ஏறினா இன்னும் விடுது. நாம நிறுத்தினாலும் அது நிக்காது. அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?"

"மண்ணு எங்க மூச்சு விடுது?"

"எல்லா இடத்துலயும்தான்."

"எல்லா இடத்துக்கும் என்னால வர முடியாது சார். பக்கத்துல எங்கயாவது இருந்தா காட்டுங்க."

எத்தனையோ பேர் தணிகாசலத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இடத்தைக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை.

*

ஆசிரமத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. ஊற்றுத் தண்ணீர் தேங்கி எப்போதும் சொதசொதவென்று கிடந்த பள்ளம். ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டதிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கியது. இரண்டு வருஷமாக மழையும் சரியில்லை. இப்போது மேலே நடக்க முடிந்தது.

தணிகாசலம் தன் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த, அடிப்பக்கம் திறந்த பெட்டி. அதை மண்ணில் கவிழ்த்து அழுத்தினார். ஒரு கருவியைச் சொருகினார்.

கருவியில் எண்கள் ஏறத் தொடங்கின.

"இதுதான் மூச்சா?"

"இதுதான்."

தணிகாசலம் கத்தியால் ஒரு பிடி மண்ணை வெட்டி எடுத்தார். கறுப்பாக, பிண்ணாக்கு மாதிரி இருந்தது. உள்ளே புல்லின் தாளும் வேரும் இன்னும் உருவத்தோடு தெரிந்தன.

"இந்தப் புல்லு முளைச்சப்ப நாட்டுல சேரனும் இல்ல, சோழனும் இல்ல."

"ஏன் மக்கல?"

"ஊறுகாய் மாதிரிதான். ஈரத்துலயும் குளிர்லயும் மூழ்கிக் கிடந்துச்சு. காத்து படல, கெடல. இப்ப தண்ணி வடிஞ்சு சூடும் ஏறிடுச்சு. கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் முழிச்சுக்கிட்டுத் திங்குது. தின்னுட்டுக் கரியமில வாயுவை விடுது."

"அது பசிக்குத் திங்குது. அதைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"முடியாது. அதுதான் எனக்குப் பயமே."

மெய்யம்மை எழுந்து பள்ளத்தின் நடுப்பக்கமாக நடந்தார். அவர் செருப்பு போடுவதில்லை.

சற்றுத் தூரம் போய் நின்றார்.

"சார், இங்க தரை சுடுது."

"வெயில்ம்மா."

"வெயில் மேலதான் சுடும். இது கீழேருந்து சுடுது."

தணிகாசலம் நின்ற இடத்திலேயே மண்டியிட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்தார். பிறகு குனிந்து முகர்ந்தார். அவர் முகம் மாறிப்போயிற்று.

"அம்மா, அசையாதீங்க."

"என்ன?"

"காஞ்ச மண்ணுல தீப்பிடிச்சு உள்ளயே எரியுது. கால் வச்ச தடத்துலயே கால் வச்சுத் திரும்பி வாங்க. வேற எங்கயும் மிதிக்காதீங்க."

மெய்யம்மை மெதுவாகத் திரும்பி வந்தார். அவர் கையைப் பிடித்து இழுப்பதற்காகத் தணிகாசலம் ஓர் அடி முன்னால் வைத்தார். அந்த இடம் பொக்கென்று உள்வாங்கியது. அவர் கால் முழங்கால்வரை சாம்பலுக்குள் போய்விட்டது.

மெய்யம்மை அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கால் வந்தது. செருப்பு வரவில்லை. குழியிலிருந்து புகை நூல் நூலாக எழுந்தது.

இருவரும் மேட்டுப் புல்லில் வந்து உட்கார்ந்தார்கள். சிவந்திருந்த காலில் மெய்யம்மை குப்பித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினார். தணிகாசலம் அழுதார்.

"ரொம்ப எரியுதா?"

"கால் பரவாயில்ல. ஏதோ ஒரு நாட்டுல இப்படி எரியறதைப் படத்துல பார்த்திருக்கேன். நம்ம பள்ளத்துல, நம்ம காலடியில..."



மெய்யம்மை அவர் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

"அணைக்க முடியுமா சார்?"

"நல்ல மழை பெஞ்சா அணையும்."

"பெய்யலைன்னா?"

"ஊத்துத் தண்ணி வெளிய போகாம பள்ளத்துலயே நின்னு மேல ஏறணும். கால்வாயை அடைச்சா நிக்கும். அது நடக்காது."

"ஏன்?"

"அது போஜனோட கால்வாய்."

*

போஜன் பள்ளத்தை ஒட்டிய சரிவில் கேரட் பயிரிடுகிறவர். கீழ்ப்பாத்தியில் தண்ணீர் நிற்காமல் இருப்பதற்காக அவருடைய அப்பா வெட்டிய கால்வாய் அது. சென்ற வருஷம் தணிகாசலம் அங்கே போய், நீங்கள் செய்வது பெரிய பாவம், உலகத்தையே சூடாக்குகிறீர்கள் என்று கத்திவிட்டு வந்திருந்தார். போஜன் பதிலுக்கு, நான் வைத்திருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர் அய்யா, உலகத்தைச் சூடாக்கியவர்களிடம் போய்க் கத்துங்கள் என்றார். அன்றோடு பேச்சு நின்றுபோயிற்று.

"போய்க் கேளுங்க," என்றார் மெய்யம்மை.

"நீங்க வந்தா நல்லாயிருக்கும்."

"எனக்கு அடுப்பு வேலை இருக்கு."

தீயணைப்புக்காரர்களுக்குத் தகவல் சொன்னதும் கீழேயிருந்து தண்ணீர் வண்டி ஒன்று வந்தது. பாதை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. அதன் குழாய் பள்ளத்துக்குப் பாதித் தூரம்கூட எட்டவில்லை. வந்தவர்கள் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள்.

தணிகாசலம் போஜனிடம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் மெய்யம்மை.

"எல்லாம் சொன்னேன். பனி உருகறது, காடு எரியறது, மண்ணுக்குள்ள எவ்வளவு கரி புதைஞ்சிருக்கு, அது வெளிய வந்தா என்ன ஆகும், எல்லாம்."

"அவர் என்ன சொன்னார்?"

"களை எடுத்துக்கிட்டே இருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கல."

"அவரை நீங்க என்ன கேட்டீங்க?"

தணிகாசலம் யோசித்தார்.

"ஒண்ணும் கேக்கல."

மெய்யம்மை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை தணிகாசலம் நொண்டிக்கொண்டே மறுபடி சரிவில் இறங்கினார். போஜன் தொழுவத்தில் எருமைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எருமையின் பின்னங்கால் குளம்புக்கு மேலே தோல் வெந்து உரிந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"பள்ளத்துல மேய விட்டேன். கால் உள்ள போயிருச்சு."

தணிகாசலம் வேட்டியை விலக்கித் தன் காலைக் காட்டினார்.

போஜன் எருமையின் காலைப் பார்த்தார். அவர் காலைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தணிகாசலமும் சிரித்துவிட்டார்.

போஜனின் மனைவி மாசி ஒரு கிண்ணத்தில் மருந்தைக் குழைத்துக் கொண்டுவந்தாள். எருமைக்குப் பூசியது போக மீதியை அவரிடம் நீட்டினாள்.

"இதுவே போடலாமா?"

"தோல் தோல்தானே," என்றாள்.

பூசிக்கொண்டே தணிகாசலம் கேட்டார். "கீழ்ப்பாத்திக் கேரட் எப்ப எடுக்கணும்?"

"இன்னும் பெருக்கணும். இப்ப எடுத்தா விரல் கனம்தான் இருக்கும்."

"கால்வாயை அடைச்சா அந்தப் பாத்தி மூழ்கிடும் இல்லையா?"

"மூழ்கும். இந்த வருஷம் மட்டுமில்ல, இனிமே அது பாத்தியே கிடையாது."

"அதுல என்ன வருதோ, அது இல்லாம உங்களால சமாளிக்க முடியுமா?"

போஜன் மனைவியைப் பார்த்தார். மாசிதான் சொன்னாள்.

"கஷ்டம்தான் அய்யா. மேல ரெண்டு பாத்தி இருக்கு. பாத்துக்கலாம். இந்தப் புகையில எனக்கு மார்ச்சளியே விட மாட்டேங்குது. அந்தத் தீ இப்படியே போனா எங்க வரைக்கும் போகும்?"

அந்தக் கேள்விக்குத் தணிகாசலத்துக்குப் பதில் தெரியும். நேற்றாக இருந்தால் துருவம்வரை பேசிக்கொண்டே போயிருப்பார்.

"கறுப்பு மண் எங்க வரைக்கும் இருக்கோ அங்க வரைக்கும்," என்றார். "உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கற ஊத்து வரைக்கும் இருக்கு."

போஜன் எழுந்து நின்று பள்ளத்தைப் பார்த்தார்.

"அந்தக் கால்வாயை எங்கப்பா ஒத்தை ஆளா வெட்டினார். அதை நானே மூடினா என்ன நினைப்பாரு?"

"அவர் இப்ப இருந்தா என்ன பண்ணுவார்?"

"அவரா?" போஜன் மண்வெட்டியைத் தேடிக்கொண்டே சொன்னார். "அவர் இருந்தா இந்நேரம் பாதி மூடியிருப்பார். சரி, கேரட்டை முதல்ல பிடுங்கணுமே. ஆள் இருக்கா?"

*

ஆசிரமத்தில் இருந்த எல்லோரும் இறங்கினார்கள். கேரட் விரல் கனம்தான் இருந்தது. கோணிகளில் நிரப்பி மேட்டுக்கு ஏற்றினார்கள்.

பிறகு கால்வாயை அடைத்தார்கள். பலகைகளைக் குறுக்கே அடித்து இறக்கி, முன்னும் பின்னும் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி மிதித்தார்கள். எங்கே அடைக்க வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும், எந்தப் பக்கம் மிதிக்கக் கூடாது என்பதையெல்லாம் தணிகாசலம் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தார்கள். அவரும் கட்டி சுமந்தார்.

நடுவில் ஒருதரம் கட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டார்.

"என்ன சார்?" மெய்யம்மை பக்கத்தில் வந்தார்.

"இது ஒரு பள்ளம்மா. வடக்கே இதே மாதிரி மண்ணு தேசம் தேசமா கிடக்கு. அதெல்லாம் உருகுது, எரியுது. அதை யார் வந்து அடைப்பாங்க?"

"அங்க மனுஷங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நல்லது," என்றார் மெய்யம்மை. தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த கட்டிக்குப் போனார்.

தணிகாசலம் அவர் போவதைப் பார்த்தார். கீழே போட்ட கட்டியைக் குனிந்து எடுத்தார்.

தண்ணீர் உடனே ஏறவில்லை. முதலில் கால்வாயில் ஓட்டம் நின்றது. பிறகு பலகையை ஒட்டி ஒரு கையளவு பளபளத்தது. பிறகு புல்லின் அடியெல்லாம் ஈரமாயிற்று. எரிந்துகொண்டிருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டபோது தரை முழுவதும் சீறியது. வெள்ளை ஆவி எழுந்து பள்ளத்தை மூடிற்று. எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். மாசி கும்பிட்டாள். போஜன், தன் கீழ்ப்பாத்தியின் வரப்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் அவர் பக்கத்தில் போய் நின்றார். தோளில் கை வைத்தார்.

சித்திரை பிறந்தபோது புகை இல்லை. மாசியின் இருமல் குறைந்திருந்தது.

அந்தச் சின்னக் கேரட்டைச் சந்தையில் யாரும் சீண்டவில்லை. ஆசிரமத்தில் கேரட் சாம்பார், கேரட் பொரியல், கேரட் துவையல், கேரட் பாயசம் என்று மாறி மாறி வந்தது. தியானம் பழக வந்த ஒருவர், இது ஏதாவது விரதமா என்று பணிவாகக் கேட்டார்.

"ஆமா," என்றார் மெய்யம்மை. "தீர்ற வரைக்கும்."

*

பருவமழை வந்தது. நன்றாகவே வந்தது. பள்ளம் நிறைந்தது. வெந்த இடங்களில் கோரை முளைத்தது. போஜனின் எருமை கழுத்துவரை தண்ணீரில் இறங்கிக் கிடந்தது. அதைக் கிளப்பி வீட்டுக்கு ஓட்டுவதே போஜனுக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

தணிகாசலத்துக்கு இப்போதெல்லாம் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. ஒருவர் தாடியைப் பார்த்துக் காலில் விழுந்தபோது பதறாமல், "அம்மா உள்ளே இருக்காங்க, இருங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்," என்றார்.

மழை ஓய்ந்த ஒரு பிற்பகலில் பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனார். மெய்யம்மையும் போனார். நடுவே துளையிட்ட மிதக்கும் பலகையில் பெட்டியைக் கவிழ்த்து, நீளக் குழாயால் கருவியோடு இணைத்துவிட்டு, மேட்டில் உட்கார்ந்து கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீரில் அங்கங்கே குமிழி எழுந்து உடைந்தது.

தணிகாசலத்தின் நெற்றி சுருங்கிற்று.

"சொல்லுங்க," என்றார் மெய்யம்மை.

"கரியமில வாயு நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா இந்தக் குமிழியைப் பாருங்க. இது மீத்தேன். தண்ணி நின்னா உள்ள காத்து போகாது. காத்தில்லாத இடத்துல வேற ஒரு கூட்டம் வேலை செய்யும். அது இதை விடும். இதுவும் சூடாக்கற வாயுதான்."

"அப்படியா!"

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா கை ஓஞ்சிடுமோன்னு பயம்."

"யாருக்கு?"

தணிகாசலம் சிரித்தார். "எனக்குத்தான்."

மெய்யம்மை ஒரு குமிழி உடைவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எரிஞ்சதை விட இது மோசமா?"

"இல்ல இல்ல. அதோட பார்த்தா இது ரொம்பக் கம்மி. போகப் போகப் புல்லும் பாசியும் முளைச்சுக் காத்துல இருக்கறதை உள்ள இழுத்துக்கும். வருஷக் கணக்கு ஆகும். நான் இருக்கேனோ இல்லையோ. ஆனா சுத்தமா நிக்காது."

"நிக்கணுமா சார்?"



கோரைக்குள் ஏதோ ஒரு தவளை கத்தியது. இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது.

"வேண்டாம்," என்றார் தணிகாசலம் மெதுவாக. "மனுஷன் வர்றதுக்கு முன்னாடியும் இது விட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. அப்ப வாங்கினது அதிகம், விட்டது கம்மி. அவ்வளவுதான் வித்தியாசம்."

மெய்யம்மை ஈரமாகிவிட்ட சேலை நுனியைப் பிழிந்து உதறினார்.

அப்போது போஜன் மேட்டில் ஏறி வந்தார். அவரோடு அவர் வயதுள்ள இன்னொருவரும் வந்தார். தண்ணீர் நிறைந்த பள்ளத்தையும் அதில் மிதந்த பெட்டியையும் அந்த ஆள் வியப்போடு பார்த்தார்.

"அய்யா, இவன் என் மச்சான், லிங்கன்," என்றார் போஜன். "மலைக்கு அந்தப் பக்கம் இருக்கான். அங்கயும் இதே மாதிரி கறுப்பு மண்ணு, இதே மாதிரி ஒரு கால்வாய். கோடையில லேசாப் புகைஞ்சுச்சாம். பயந்துபோயி வந்திருக்கான். ஆனா அவனோட பள்ளம் ரொம்பப் பெரிசு. நம்மால ஆகுமான்னு தெரியல."

லிங்கன் கைகூப்பினார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் தாடியையும் மெய்யம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மெய்யம்மை தணிகாசலத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தார். எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் சாயுது?" என்று கேட்டார்.